மஞ்சள் கார் பெட்டி

எங்கள் தெருவில் இன்று யார் வீட்டில் என்ன குழம்பு என்பதை வாசலில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன். மூக்கு அப்படி. காதும் கொஞ்சம் அப்படித்தான். சோழவரத்தில் தையல் மெஷினைத் தெருவைப் பார்த்துப் போட்டுக்கொண்டு இத்தனை வருஷமாக உட்கார்ந்திருப்பவளிடம் ஊர் விஷயம் தானாக வந்து சேரும். நான் தேடிப் போனதில்லை. போனாலும் தெருமுனை வரைக்கும்தான்.

எதிர்வீட்டில் பூட்டு தொங்குகிறதே, அதைப் பற்றித்தானே கேட்டீர்கள்? நீங்கள் இந்தத் தெருக்காரர் இல்லை. அதனால் சொல்கிறேன்.

அது ஆதிநாராயணன் வீடு. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளையும் இல்லை. ஆறடி மனுஷன் ஒரு பொம்மைக் காரைத் தேடி அலைகிறார் என்று தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சிரித்தேன்.

இங்கே கார் ரேஸ் நடந்த காலத்தில், வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்த அவருக்கும் அவர் தம்பி முனுசாமிக்கும் யாரோ ஒரு மெக்கானிக் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாராம். உள்ளே மஞ்சள் பிளாஸ்டிக் ரேஸ் கார், துண்டு துண்டாக. ஒவ்வொன்றாகக் கிள்ளியெடுத்துப் பசை போட்டு ஒட்ட வேண்டும். சக்கரம் மாட்டுகிற வரைக்கும் வந்துவிட்டார்கள். யார் மாட்டுவது என்று சண்டை. மறுநாள் போகி. கார் பெட்டியோடு காணாமல் போயிருந்தது. தம்பிதான் கோபத்தில் நெருப்பில் போட்டுவிட்டான் என்று முடிவுகட்டி அண்ணன் அறைந்த அறையில், முனுசாமிக்கு ஒரு காது மந்தமாகிவிட்டது. "நான் போடலண்ணா" என்று அன்றைக்கும் சொன்னார், கல்யாணமாகி வள்ளூருக்குக் குடிபோன பிறகும் சொன்னார். அண்ணன் நம்பவில்லை.

இப்போது முனுசாமிக்குப் புற்றுநோய், படுத்த படுக்கை.

"போட்டது போட்டான், போவட்டும் ஜோதி," என்றார் ஆதிநாராயணன். "அதே காரு ஒண்ணு கெடச்சா அவன் பக்கத்துல குந்திக்கினு ரெண்டு பேருமா ஒட்டி முடிச்சுருவோம். மன்னிச்சுட்டேன்டான்னு வாயால சொல்ல எனக்கு வரல."

பகலெல்லாம் பழைய சாமான் விற்கிற காயலான் கடைகளில் தேடுவார். சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்து, அன்று நடந்ததைச் சொல்வார்.

"இன்னாண்ணா, கெடச்சுதா?"

"எங்க! கடக்காரன் இன்னா சொல்றான் தெரியுமா? 'காரு இல்ல பெரியவரே, காரு ஓட்டுற மச்சான் ஒருத்தன் தண்டமா கீறான், தூக்கினு போ'ன்றான்."

அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். தெருவில் வேறெப்படிக் கூப்பிட முடியும்? என் வீட்டுக்கு வருகிறவர்கள் அளவு ரவிக்கையைக் கொடுத்துவிட்டு நின்றபடியே போய்விடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அப்புறம் என்று பேசியவர் அவர் ஒருவர்தான்.

கண்டுபிடித்தது நான்தான். மெர்சிக்கு நான்தான் ரவிக்கை தைப்பேன். அவள் புருஷன் பீட்டருக்குக் கும்மிடிப்பூண்டியில் காயலான் கடை. யாரோ வீடு காலி செய்தபோது வந்த சாமானில் அந்தப் பெட்டி இருந்தது. அதே மஞ்சள் கார், பெட்டியைப் பிரிக்கவே இல்லை. போய் வாங்கிவந்து மெஷினுக்கு அடியில், வெட்டுத்துணி மேல் வைத்தேன். அன்று சாயங்காலமே கொடுப்பதாகத்தான் இருந்தேன்.

அவர் வந்தார், உட்கார்ந்தார். "கெடச்சுதுன்னு வெச்சுக்கோ, ஊட்டப் பூட்டிக்கினு வள்ளூருக்கே போயிருவேன். அவனோடயே இருந்துருவேன். இங்க யாரு கீறாங்க எனக்கு?" என்றார்.

அவர் காலுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். நான் டீயை ஆற்றிக் கொடுத்தேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்று தோன்றியது. மறுநாளும் அப்படியே தோன்றியது.

பீட்டரிடம், கொடுத்துவிட்டேன், அண்ணா அழுதேவிட்டார் என்று சொல்லிவைத்தேன். பீட்டருக்கும் சந்தோஷம்.

அதற்குப் பிறகு அவரைச் சும்மா உட்காரவிடவில்லை. பொன்னேரியில் ஒரு கடை, திருவள்ளூரில் ஒரு கடை என்று நானே விசாரித்த மாதிரி சொல்லி அனுப்புவேன். மனுஷனுக்கு நம்பிக்கை வேண்டாமா? போய்விட்டு வந்து ஒன்றுவிடாமல் சொல்வார். அந்த நாட்களில் அவர் முகத்தில் ஒரு களை இருந்தது.

மார்கழியில் ஒருநாள், ஆர்.கே.பேட்டையில் ஒரு வாத்தியார் வீட்டுப் பரணில் இருக்கிறதாம் என்றேன். பஸ் மாறி மாறிப் போகவேண்டிய தூரம். திரும்பி வந்தால் பேச நிறைய இருக்கும் என்று கணக்கு. அன்றைக்கென்று பார்த்து முனுசாமி போய்விட்டார். அண்ணன் பாதி வழியில் திரும்பி வள்ளூருக்குப் போய்ச் சேர்ந்தபோது நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள்.

"கடசியா கண்ணத் தொறந்து, அண்ணன் கார எடுத்துக்கினு வந்துச்சான்னுதான் கேட்டாரு அக்கா," என்று முனுசாமி மனைவி கன்னியம்மா, துக்கத்துக்குப் போன என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அந்த வீட்டில் என் அளவுக்கு யாரும் அழவில்லை. வேண்டுமானால் வள்ளூரில் கேட்டுப் பாருங்கள்.

காரியம் முடிந்து அவர் இங்கே வந்தார். அந்தப் பெட்டி இனி யாருக்கு? போகி வந்தது. பழையதைக் கழிக்கத்தானே போகி?

விடியலுக்கு முன் தெருவே கொளுத்தியது. டயர், பிளாஸ்டிக் எதுவும் போடக்கூடாது என்று முந்தின நாளே ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்கள். அதனால் பாயும் முறமும் துடைப்பமும்தான். நான் ஒரு கிழிந்த பாயைச் சுருட்டிக் கொண்டுவந்து போட்டேன். பெட்டி அதற்குள் இருந்தது.

தம்பி செத்த வருஷம், ஆதிநாராயணனுக்குப் பண்டிகை இல்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு அவர் வாசலில் நின்றிருந்தார். கொஞ்ச நேரத்தில் நெருப்பிலிருந்து அந்த நாற்றம் வந்தது. என் மூக்குக்கு அது முதலிலேயே தெரிந்தது. அவர் மெதுவாக இறங்கி வந்தார்.

"யாரோ பிளாஸ்டிக்கப் போட்டுட்டாங்க ஜோதி."

"பசங்க ஏதாவது போட்டிருக்கும்ணா."

அவர் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு எங்க ஊட்டுப் போகிக்கு நான் நெருப்பாண்டதான் நின்னுக்கினு இருந்தேன். இந்த நாத்தம் வரல. வெறும் வைக்கோல் வாசனதான்." அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "அவன் போடல. நெஜமாவே அவன் போடலம்மா."

அவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தது நான்தான். யோசித்துப் பாருங்கள். சின்னப்பிள்ளையாக இருந்ததிலிருந்து அவருக்குத் தெரியாத உண்மை அன்றைக்குத் தெரிந்தது. காரைக் கையில் கொடுத்திருந்தால் தெரிந்திருக்குமா? தம்பியை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டே அவரும் போய்ச் சேர்ந்திருப்பார்.

தை பிறந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கன்னியம்மாவுக்குத் துணையாக வள்ளூர் போய்விட்டார். அந்த நாற்காலியில் இப்போது தைத்த துணியை மடித்து வைக்கிறேன்.

நேற்று போன் செய்தேன். திருத்தணிப் பக்கம் ஒரு கடையில் அதே மஞ்சள் கார் இருக்கிறதாம், வருஷ திதிக்குத் தம்பி படையலில் வைக்கலாமே அண்ணா என்றேன்.

"எந்தக் கடைன்னு சொல்லு ஜோதி."

"நேர்ல வாங்கண்ணா, சொல்றேன்."

இன்று சாயங்காலம் வருகிறார். பால் வாங்கி வைத்துவிட்டேன். டீயில் இஞ்சி தட்டிப் போட்டால்தான் அவருக்குப் பிடிக்கும். அவருக்கென்று இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்ய என்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.