கேரலின் நானூற்றுப் பன்னிரண்டு வரிகள்

இல்லை, யாரும் என்னை மிரட்டி அழைத்து வரவில்லை. நானாகத்தான் வந்தேன். கம்பெனியின் புகாரோடு இணைத்திருக்கும் கடிதத்தில் இருப்பது என் கையெழுத்துதான். அதில் எழுதியிருப்பது பொய்.

என் பெயர் ஷோபா. வயது 28. தகப்பனார் பெயர் எத்திராஜ். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் பெற்றோருடன் வசிக்கிறேன். எம்.சி.ஏ. படித்திருக்கிறேன். மருத்துவமனை மருந்தகங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் கம்பெனியில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். கன்னடம் பேசுவேன், பிழையில்லாமல் எழுத வராது. அதனால் தமிழில் என் கையால் எழுதித் தருகிறேன். தமிழ் படிக்கத் தெரிந்த தலைமைக் காவலர் திரு. சுந்தரம் எதிரில் உட்கார்ந்து, எழுத எழுதப் படித்துப் பார்த்து, புரியாத இடத்தில் கேட்கிறார். அவரே இதைக் கன்னடத்தில் பெயர்த்துக் கொடுப்பார் என்று சொல்லப்பட்டது.

இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருக்கும் ரங்கா, வயது சுமார் 35, நீலசந்திராவில் இருப்பவர், என் பக்கத்து மேசைக்காரர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

2022 ஆகஸ்ட் மாதம், மருந்துப் பெட்டியின் மேல் இருக்கும் பார்கோடைப் படித்துத் தயாரிப்பு எண்ணையும் காலாவதித் தேதியையும் பிரித்தெடுக்கும் நிரல் ஒன்றை எழுதும் வேலை எனக்குத் தரப்பட்டது. பன்னிரண்டு நாள் கொடுத்தார்கள். ஒன்பது நாள் எனக்கு எதுவும் வரவில்லை. பத்தாவது நாள் சாப்பாட்டு நேரத்தில் ரங்கா தன் திரையில் ஒரு பக்கத்தைக் காட்டினார். வெளிநாட்டில் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்ற கேரல் என்ற பெண்மணி, அதே வேலைக்கு எழுதி, எல்லோரும் படிக்கும்படி ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் வைத்திருந்த நிரல் அது.

"இதப் பாரு ஷோபா. ஒரு மருந்துக்கடை அம்மா எழுதினது. எவ்ளோ நீட்டா இருக்கு."

"நம்ம ப்ராடக்ட்ல போடலாமா?"

"போடலாம். போட்டா நம்ம கோட் பூரா ஊருக்குத் தொறந்து காட்டணும், அதான் அந்தம்மா லைசென்ஸு. நம்ம சீனிவாசராகவன் சாருக்கு பேதி ஆயிடும். சும்மா படிச்சு கத்துக்கோ."

அன்று வீட்டுக்குப் போன பிறகு நான் அந்தப் பக்கத்தை என் சொந்த லேப்டாப்பில் இறக்கினேன். அதன் பிறகு அதில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் எடுத்து, சுமார் முப்பது இடங்களில் பெயர்களை மாற்றி, மறுநாள் கம்பெனி நிரலோடு சேர்த்தேன். சேர்ப்பதற்கு முன் தலைப்பில் இருந்த பதினான்கு வரிகளை அழித்தேன். அதில் கேரலின் பெயர், அவருடைய ஊர், எழுதிய வருடம் 2016, லைசென்ஸ் விவரம் ஆகியவை இருந்தன. கடைசி வரியில், தவறு கண்டால் எனக்கு எழுதுங்கள், முடிவில் யாரோ ஒருவர் அந்த மாத்திரையை விழுங்கப் போகிறார் என்று இருந்தது. அதையும் அழித்தேன்.

இந்த இடத்தில் திரு. சுந்தரம் பேனாவை நிறுத்தச் சொல்லிக் கேட்டார். "சும்மா குடுக்கறத எதுக்கும்மா திருடணும்?" விலை பணமில்லை சார், அவர் பெயரை வைத்திருக்க வேண்டும், அதை வைத்துச் செய்ததை நாமும் அதேபோல் மற்றவர்களுக்குத் திறந்து கொடுக்க வேண்டும் என்றேன். "அப்போ வெல ஜாஸ்திதான்" என்றார். அவர் கேட்டதையும் எழுத அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்.

அதன் பிறகு நடந்த கூட்டத்தில் எங்கள் மேலாளர் திரு. சீனிவாசராகவன் அந்த நிரலைத் திரையில் போட்டு, "பாருங்கப்பா, கோட்னா இப்படி இருக்கணும், சுவாமி அறை மாதிரி" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ரங்காவும் தட்டினார். அவருக்குத் தெரிந்திருக்குமா என்று அன்று அவர் முகத்தைப் பார்த்தேன். தெரிந்த மாதிரி இல்லை. அவர் அந்தப் பக்கத்தை மேலோட்டமாகத்தான் பார்த்திருந்தார் போலும். அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. புதிதாகச் சேருபவர்களுக்கு இன்றுவரை மாதிரியாகக் காட்டப்படுவது அந்த நிரல்தான்.

இந்த வருடம் ஜூன் மாதம், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், எங்கள் மென்பொருளில் வெளியார் எழுதிய நிரல் எதெல்லாம் இருக்கிறது, ஒவ்வொன்றும் எந்த லைசென்ஸின் கீழ் வருகிறது, பாதுகாப்பு ஓட்டை எங்கே இருக்கிறது என்று பட்டியல் கேட்டார். அதைக் கண்டுபிடிக்கும் ஸ்கேன் கருவி ஒன்றை வாங்க முடிவாயிற்று. மூன்று கருவிகளை ஒப்பிட்டு எது நல்லது என்று அறிக்கை தரும் வேலை எனக்கு வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மூன்றையும் ஒரே நிரலின் மேல் ஓட்டினேன். முதல் கருவி, நாங்களே எழுதி வைத்திருக்கும் வெளிச்சரக்குப் பட்டியலை மட்டும் பார்த்து, அதில் எதற்குப் பாதுகாப்பு ஓட்டை உண்டு என்று சொல்லும். இரண்டாவது, ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் லைசென்ஸ் வாசகம் இருக்கிறதா என்று தேடும். தலைப்பை அழித்தவரை அதற்குத் தெரியாது. மூன்றாவது, தலைப்பை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் வரிகளை உலகத்தில் வெளியாகியிருக்கும் நிரல்களோடு வரிவரியாக ஒப்பிடும். என் கோப்பை அது இரண்டாவது நாள் காலையிலேயே கண்டுபிடித்தது. தொண்ணூற்றாறு சதவீதம் ஒற்றுமை என்று சிவப்பில் வந்தது. பக்கத்தில் கேரலின் பெயர் இருந்தது. மூன்று வருடம் கழித்து அந்தப் பெயரை அங்கே பார்த்தேன்.

கருவி தரும் ஒவ்வொரு எச்சரிக்கையையும் ஆள் பார்த்து, உண்மை அல்லது பொய் எச்சரிக்கை என்று குறிக்க வேண்டும். காரணம் எழுத ஒரு பெட்டி உண்டு. குறித்தவர் ஒருவர், சரிபார்த்தவர் வேறொருவர் என்று இரண்டு பெயர் வர வேண்டும் என்பது கம்பெனி விதி. சரிபார்ப்பவர் உண்மையில் பார்ப்பதில்லை. யாருக்கும் நேரமில்லை. நான் என் கோப்பைப் பொய் எச்சரிக்கை என்று குறித்து, காரணப் பெட்டியில், பொதுவான வழிமுறை, யார் எழுதினாலும் இப்படித்தான் வரும் என்று எழுதினேன். அதன் பிறகு, அது ஒன்று மட்டும் தனியாகத் தெரியக்கூடாது என்பதற்காக, மூன்றாவது கருவி சரியாகக் கண்டுபிடித்த வேறு அறுபத்தோரு எச்சரிக்கைகளையும் பொய் என்று குறித்தேன். அதில் நான்கு, உண்மையான பாதுகாப்பு ஓட்டைகள். அவை இன்றும் அடைக்கப்படவில்லை. பட்டியலைத் தனியாக இணைத்திருக்கிறேன்.

அதன் பிறகு சரிபார்ப்புக்கு ரங்காவிடம் அனுப்பினேன்.

"அறுபத்திரண்டா? நீ பாத்துட்டல்ல?"

"பாத்துட்டேன்."

"அப்போ ஆச்சு. வா, காபிக்குப் போலாம்."

எல்லாவற்றுக்கும் ஒரே சொடுக்கில் ஒப்புதல் போட்டார். அந்தக் காபியை நான் குடித்தேன். மூன்றாவது கருவி அதிகப் பொய் சொல்கிறது, இரண்டாவதை வாங்கலாம் என்று அறிக்கை கொடுத்தேன்.

அந்த மூன்றாவது கருவியை விற்கும் கம்பெனியிலிருந்து சரவணன் என்பவர் வந்தார். ஓசூர்க்காரர். எங்கள் கருவி இவ்வளவு பொய் சொல்லாது, என் எதிரில் நான்கைந்தைத் திறந்து பாருங்கள் என்று கேட்டார். ஜூலை 14 அன்று கூட்ட அறையில் திரு. சீனிவாசராகவன், ரங்கா, நான், சரவணன் ஆகிய நான்கு பேர் இருந்தோம். சரவணன் ஒற்றுமை அதிகமுள்ளதை முதலில் திறந்தார். இடப்பக்கம் என் கோப்பும் வலப்பக்கம் கேரலின் கோப்பும் வந்தன. வரிக்கு வரி மஞ்சளாக இருந்தது.

கேரல் தன் நிரலை 2022 டிசம்பரில்தான் புதிய தளத்துக்கு மாற்றி, தலைப்பில் வருடத்தையும் புதிதாகப் போட்டிருந்தார். பழைய தளம் மூடப்பட்டுவிட்டது. அதனால் அவருடைய கோப்பில் டிசம்பர் என்றும் எங்களுடையதில் ஆகஸ்ட் என்றும் தேதி இருந்தது. திரு. சீனிவாசராகவன் அதைப் பார்த்து, "நம்மளோடதுதான் முந்தி. அப்போ இது நம்ம ஆபீஸ்லேருந்து வெளியே போயிருக்கு" என்றார். அதன் பிறகு கேரலின் பக்கத்தைக் கீழே நகர்த்தினார். 2023இல் திருத்தங்கள் செய்து உதவியவர் என்று அங்கே ரங்காவின் பெயர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிச் சம்பளமில்லாமல் பலருக்கும் திருத்திக் கொடுப்பது அவர் வழக்கம்.

சரவணன் குறுக்கிட்டார். "சார், ரெண்டும் ஒண்ணுன்னுதான் டூல் சொல்லும். யாரு யாரப் பாத்து எழுதினாங்கன்னு அதுக்குத் தெரியாது."

திரு. சீனிவாசராகவன் என்னைப் பார்த்துக் கேட்டார். "ஷோபா, நீதானே எழுதினே?"

"ஆமா சார்."

"அப்புறம் ஏன் பொய் எச்சரிக்கைன்னு போட்டிருக்கு?"

"ரங்காதான் சார் சரிபார்த்தது."

அந்த வாக்கியம் பொய்யில்லை. அவர் பெயர் அந்தப் பெட்டியில் இருந்தது. பொய்யில்லாத வாக்கியமாகத் தேடி எடுத்து அதைச் சொன்னேன். அவ்வளவு நேரம் எனக்கு இருந்தது. ரங்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு கணக்கு ஏன் வரவில்லை என்று பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அதன் பிறகு அவரைச் சந்தேகித்து அன்றே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு போகும்போது லிஃப்ட் அருகில் நின்றிருந்த என்னிடம் மெதுவாக, "ஷோபா, நீ அத நான் அன்னிக்குக் காட்டின பக்கத்துலேருந்து எடுத்திருந்தா ஒரு வார்த்த சொல்லிடும்மா. நான் கூட நிக்கறேன்" என்றார். எச்.ஆரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவரிடம் நான் அதுவரை அப்படித் தூரமாகப் பேசியதில்லை.

அதன் பிறகு, நிரலைத் திருடி வெளியிட்டதாகக் கம்பெனி இந்த நிலையத்தில் புகார் கொடுத்தது. இந்த நிரலை 2022 ஆகஸ்டில் நானே சொந்தமாக எழுதினேன் என்ற கடிதத்தில் ஜூலை 18 அன்று நான் கையெழுத்துப் போட்டேன். ரங்கா, கேரலின் நிரல்தான் பழையது என்று விளக்கம் கொடுத்ததாகவும், அவரிடம் அத்தாட்சி இல்லை என்றும், கேரலும் அவருக்குக் கூட்டு என்று கம்பெனி சொல்வதாகவும் அறிந்தேன். அவருடைய முன்ஜாமீன் மனு நாளை மறுநாள் புதன்கிழமை வருகிறது என்றும் அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

சென்ற வியாழக்கிழமை, நான் யார் என்று சொல்லாமல், இந்த நிரலைப் பயன்படுத்தும் ஒருவர் என்று மட்டும் எழுதி, பழைய தளத்தின் பிரதி ஏதாவது உங்களிடம் இருக்கிறதா என்று கேரலுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ரங்காவுக்கு உதவ அனுப்பவில்லை. அத்தாட்சி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அனுப்பினேன். இருந்தால் ஒத்துக்கொள்வது, இல்லையென்றால் பேசாமல் இருந்துவிடுவது என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை பதில் வந்தது. பழைய கணினி கெட்டுப்போய்விட்டது, 2016ஆம் வருடத்துப் பிரதி எதுவும் தன்னிடம் இல்லை, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் எழுத வேண்டும். எழுந்துபோய் இரண்டு தோசை சாப்பிட்டேன். அதன் பிறகு வந்து மறுபடி படித்தபோதுதான் கடைசி வரியைப் பார்த்தேன். உங்கள் மருந்துக்கடை எந்த ஊரில் இருக்கிறது, இதை யாராவது பயன்படுத்துகிறார்கள் என்று அறிந்தால் எனக்கு ஒரு சந்தோஷம், என்று இருந்தது.

முப்பத்தெட்டு மருத்துவமனைகளில் அது ஓடுகிறது. அவருக்கு நான் பதில் எழுதவில்லை.

அந்த நிரலின் பழைய பிரதி இப்போது உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நான் அன்று இறக்கிய கோப்பு, தலைப்பின் பதினான்கு வரிகளோடு, 2016 என்ற வருடத்தோடு, என் சொந்த லேப்டாப்பில் அப்படியே இருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதை அழிக்கலாமா என்று பலமுறை திறந்து பார்த்தேன். அழிக்கவில்லை. இன்று திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். அதை மின்கம்பியோடு, கடவுச்சொல்லையும் தாளில் எழுதி, இத்துடன் ஒப்படைக்கிறேன்.

ரங்கா எதையும் திருடவில்லை, எதையும் வெளியே கொடுக்கவில்லை. பார்க்காமல் ஒப்புதல் போட்டார். என்னை நம்பிப் போட்டார்.

இதில் நான் காதால் கேட்டது, ரங்கா கொடுத்த விளக்கமும் அதற்குக் கம்பெனி சொன்னதும் முன்ஜாமீன் செய்தியும் மட்டும்தான். மற்றவை எல்லாம் நான் செய்தவை, என் கண்ணெதிரே நடந்தவை. தொடக்கத்திலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். அடிக்கவோ மாற்றவோ ஒன்றுமில்லை. உண்மை என்று சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) எ. ஷோபா

கூடுதல் குறிப்பு, செவ்வாய்க்கிழமை. கன்னட மொழிபெயர்ப்பில் கையெழுத்திட இன்று வந்தபோது, நேற்று இங்கிருந்து கிளம்பிய பிறகு என்ன செய்தேன் என்று கேட்டதற்குச் சொல்வது: எதிரில் உள்ள கடையில் இந்த வாக்குமூலத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் நீலசந்திராவுக்குப் போனேன். ரங்கா வக்கீல் வீட்டுக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி வீணா கதவைத் திறந்தார். நகலைக் கொடுத்தேன். அவர் வாசலில் நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் படித்தார். உள்ளே கூப்பிடவில்லை. பிறகு, "இதுல உங்க போன் நம்பர் இல்ல. வக்கீல் கேப்பாரு" என்றார். பேனாவை அவரே எடுத்து வந்து தந்தார். கடைசிப் பக்கத்தின் கீழே எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் படி இறங்கினேன்.

(ஒப்பம்) எ. ஷோபா