கலங்காத குழாய்

– வேலையெல்லாம் போட்டுட்டு ஓடி வான்னு சொன்னியே, இந்தத் தெளிஞ்ச குழாயைக் காட்டத்தானா?

– இதைக் காட்டத்தான். தெளிஞ்சிருக்கிறதுதான் அத்தான் வில்லங்கமே. கலங்கியிருக்கணும்.

– உன் லேப் பாஷையெல்லாம் எனக்குப் புரியாது தாயே. நான் டப்பாவுல குழந்தைங்க குடிக்கிற பால் பவுடர் அடைக்கிறவன்.

– புரியுற மாதிரியே சொல்றேன். மத்த பாக்டீரியா பி-1 வைட்டமினைத் தானே செஞ்சுக்கும். இந்தக் குழாய்ல விட்டிருக்கிற பாக்டீரியாவுக்கு அந்த மரபணு உடைஞ்சு போச்சு. நாங்க ‘சவலை’ன்னு கூப்பிடுவோம். வெளியில இருந்து ஊட்டினாத்தான் பெருகும், பெருகினா குழாய் கலங்கும். உங்க பவுடரைக் கரைச்சு ஊட்டினேன். பாருங்க, பச்சைத் தண்ணி மாதிரி நிக்குது.

– ஒரு நோஞ்சான் பூச்சி சாப்பிடலைன்னு நான் கம்பெனியை இழுத்து மூடணுமா?

– ஆஸ்பத்திரியில ஒரு குழந்தை வாயைத் திறந்து அழுவுது, சத்தமே வரல. பி-1 இல்லைன்னா குழந்தைக்குக் குரலே போயிடும். சமத்துப் பிள்ளை, அழவே அழாதுன்னு அந்தம்மா நினைச்சிட்டு இருந்திருக்கா. அது குடிச்சது முழுக்க உங்க பவுடர். அந்த டப்பாவைத்தான் சோதிச்சேன்!

– கத்தாத! கண்ணாடிக் கதவு, வெளிய ஆளுங்க பார்க்கிறாங்க.

– பார்க்கட்டும். நல்லா பார்க்கட்டும்!

– மச்சினியாச்சேன்னு பொறுத்துக்கிறேன். எங்க பவுடர் மொத்தமும் ஒரே அண்டாவுல கலக்குறது. ஒரு டப்பாவுல சத்து இருந்தா அத்தனை டப்பாவுலயும் இருக்கும். என் பாப்பாவும் அதைத்தானே குடிக்கிறா? நானே என் கையால எடுத்துட்டுப் போறேன். பெத்த பிள்ளைக்கு எவனாவது வெறும் மாவைக் கரைச்சுக் கொடுப்பானா?

– வெறும் மாவுன்னு நான் சொல்லவே இல்லையே.

– வார்த்தையைப் பிடிச்சுத் தொங்காத! உங்கக்காவை நினைச்சுப் பாரு. நீ ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டா நான் உள்ள போயிடுவேன். அவ கைக்குழந்தையோட நடுத்தெருவுல நிப்பா.

– அவளை ஏன் இழுக்கறீங்க? வெக்கமா இல்ல? அவ முகத்துக்காகத்தான் இன்னொரு டப்பாவையும் சோதிச்சேன். இந்தாங்க, அந்தக் குழாய்.

– கலங்கியிருக்கே!

– பால் மாதிரி கலங்கியிருக்கு. சவலை கொழுத்துக் கிடக்கு.

– இதுவும் எங்க பவுடரா?

– உங்களோடதுதான். அதே லேபிள், அதே பேட்ச் நம்பர்.

– அடிப்பாவி, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? உயிரே போயிடுச்சு எனக்கு! அந்த முதல் குழாய்ல உன் பூச்சி செத்திருக்கும், அதைக் கொட்டித் தொலை. இதை மட்டும் எழுது.

– எழுதறேன். டப்பா எங்க கிடைச்சுதுன்னும் சேர்த்து எழுதணும்.

– தாராளமா எழுது! எந்தக் கடைன்னு சொல்லு, நேர்ல போய் அந்த ஆளைக் கட்டிப்பிடிச்சுக்கறேன்.

– கடை இல்ல அத்தான். உங்க வீட்டு அடுக்களை. பாப்பாவோட டப்பா.