ரெண்டு கைக்கும் வேலை

மொஷி மொஷி... ஹலோ... ஆமா, காஜா பேராங் ஜவுளிக்கடைதான், அப்பாசாமி பேசறேன்... யாரு, கய்யூம் நானாவா? கிளேபாங்லேர்ந்தா?... நல்ல வேளை, நானே கூப்பிடணும்னு இருந்தேன்... ஆமா, ஆமா, நாளைக்குக் காலையில பொங்கல். எல்லாம் ரெடி...

ஸ்ஸ்... அந்தப் பேரைச் சொல்லாதீங்க நானா. சாரணர்னு சொன்னாலே ஜப்பான்காரன் பிடிச்சிட்டுப் போற காலம். தோட்டப் பிள்ளைங்கன்னு சொல்லுங்க. மரவள்ளி நடற பிள்ளைங்க, அவ்வளவுதான்... என்னது, நானே இப்பச் சொல்லிட்டேனா?... அட விடுங்க. எக்ஸ்சேஞ்சில இன்னைக்கு நம்ம நூர்ஜஹான்தான். அவ தம்பியும் நம்ம பிள்ளைதானே. நூர்ஜஹான், நீ எதையும் கேக்கலம்மா... பாருங்க, சிரிக்கிறா.

அரிசியா?... ஆளுக்கு ஒரு பிடி கொண்டாரச் சொல்லியிருக்கேன். மிச்சத்துக்கு மரவள்ளியத் துருவிப் போட்டுக்க வேண்டியதுதான்... பொங்கும் பொங்கும், ஏன் பொங்காது... இனிப்புக்குத் தென்னை வெல்லம் இருக்கு, மலாக்காவுல அதுக்குமா பஞ்சம்? பானை கம்போங் செட்டியில ஒரு வீட்டுல குடுக்கறாங்க. அந்த வீட்டம்மாவுக்குத் தமிழ் வராது, ஆனா பொங்கல்னு சொன்னதுமே உள்ள போயி வெங்கலப் பானையத் தூக்கிட்டு வந்துட்டாங்க.

விளையாட்டா?... சாக்கு ஓட்டம் கிடையாது நானா. பாதிப் பசங்க சாக்கைத்தான் கால்சட்டையாத் தைச்சுப் போட்டிருக்கானுவ, அவுத்துட்டா ஓடச் சொல்றது?... கொட்டாங்கச்சியில கயிறு கட்டி நடக்கிறது உண்டு. கயிறு இழுக்கிறது உண்டு. அப்புறம், நல்லா சாப்பிட்டு வருசம் ரெண்டாச்சு, அதனால கடைசியா எல்லாரும் வட்டமா உக்காந்து, ஒவ்வொருத்தனும் எதுக்காச்சும் நன்றி சொல்லணும். மண்ணுக்கோ மழைக்கோ... ஆமா, கிழங்குக்கும்தான். ஜெயபாலன் முயலுக்குச் சொல்றானாம். எதுக்குடான்னா, கறி குடுக்கப் போவுதாம்.

இல்ல நானா... இல்ல, குரல் ஒண்ணும் மாறல... சரி, சொல்லிடறேன். ஒகாதா வர்றாரு... அவரேதான், பயிர் ஆபீஸ் ஜப்பான் துரை, ஒகாதா துவான். கூட்டம் சேரணும்னா அனுமதி வேணும்ல, போயி நின்னேன். என்ன விசேஷம்னு கேட்டாரு. சூரியனுக்கு நன்றி சொல்ற நாள்னேன். நானா, மனுசன் நாற்காலிய விட்டு எந்திரிச்சிட்டாரு. அவங்க கொடியிலயே சூரியன்தானே! சூரியனுக்கான்னு ரெண்டு தடவ கேட்டு, கையெழுத்தப் போட்டு, நானும் வர்றேன்னுட்டாரு. ஆபீஸ் ஆளுங்களையும் கூட்டிட்டு வருவாராம்... ஆமா, உளவு பாக்கறானே, அந்தத் தொப்பிக்காரனும்தான்.

நிறுத்தறதா?... நானா, நான் சொல்றதக் கேளுங்க... கேளுங்க... அந்தப் பிள்ளைங்க மொகத்தப் பாத்துட்டு நீங்க வந்து நிறுத்துங்க, நான் சும்மா இருக்கேன். ரெண்டு வருசமா வெயில்ல குழி வெட்டறதத் தவிர என்னத்தக் கண்டானுவ? நேத்து ஒருத்தன், சார், நாளைக்கழிச்சு சிரிக்கலாமான்னு கேக்கறான். என்னால முடியாது நானா, மாட்டேன்.

அது தெரியும்... தெரியும், கையிதான் பயம். பெரியவங்களப் பாத்தா நம்ம பசங்க இடது கையத்தான் நீட்டுவானுவ. நீங்க பழக்குனதுதானே! இடது கைய நீட்டறது மரியாதையான்னு அவங்க அம்மாமாருங்க ஏசி, நீங்க வீடு வீடாப் போயி சமாதானம் பண்ணி... இப்ப மறக்கச் சொன்னா மறக்குமா? அந்தத் தொப்பிக்காரன் கண்ணுல பட்டா உங்களையும் என்னையும் கூண்டோட அள்ளிருவான். இடது கையால கைகுலுக்கறது எந்தக் கூட்டத்து அடையாளம்னு அவனுக்குத் தெரியும்.

அதுக்குத்தான் ஒரு வழி வச்சிருக்கேன். ரெண்டு கைக்கும் வேலை குடுத்துடறது. ஒரு கையில கரும்பு, ஒரு கையில கிழங்கு. வரவேற்கும்போது கீழயே வைக்கக் கூடாது. குனிஞ்சு கும்பிட்டா போதும்... சாப்பிடறப்பவா? அப்ப வாயிலயும் கையிலயும் பொங்கல் இருக்கும்ல, எங்கேர்ந்து நீட்டுவான்?... சிரிச்சிட்டீங்களா, அப்பச் சரி. சிவகாமசுந்தரி டீச்சர் காலையிலேர்ந்து பழக்கிட்டு இருக்காங்க. நானும் விடிஞ்சதுலேர்ந்து அதையேதான் கத்திட்டுக் கெடக்கேன், கைய நீட்டாதே, கைய நீட்டா...

நானா... வாசல்ல... அவரே வந்துட்டாரு. வச்சிடாதீங்க...

சிலாக்கான் மாசோக், துவான்... யா... யா, துவான்... எஸோக் பாகி, மத்தாஹாரி நாயிக்... யா... யா...

...

ஹலோ... இருக்கீங்களா?... போயிட்டாரு... இல்ல, ஒண்ணும் ஆகல... ஆச்சு. என்னத்தச் சொல்ல. ஸ்டூல்ல உக்காந்துக்கறேன் நானா.

நாளைக்கு எப்ப வரணும்னு கேக்க வந்தாரு. சூரியன் கிளம்பறப்பன்னேன். ஆனா அதுக்கு முன்னாடியே... வலது கையில போன். எந்திரிச்சுக் குனியணும், அதானே வழக்கம்? நான் குனியல. இடது கைய நீட்டிட்டேன்... நானேதான்! காலையிலேர்ந்து பசங்கள ஏசுன இதே வாயிக்காரன்!

இருங்க, சொல்றேன்... அடிப்பாருன்னுதான் கண்ண மூடிட்டேன். அடி விழல. கண்ணத் தெறந்தா, அவரு என் கையவே பாத்துட்டு நிக்கறாரு. வாசல ஒரு தடவ திரும்பிப் பாத்தாரு. அப்புறம் அவரும் இடது கையக் குடுத்தாரு நானா. சும்மா குடுக்கல. சுண்டு விரல என் சுண்டு விரலோட கோத்துக் குடுத்தாரு...

ஆமா... ஆமா, நம்ம மாதிரியேதான்... நானும் அப்படித்தான் நின்னேன். அரைகுறை மலாய்ல ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. அவங்க ஊர்லயும் இந்தப் பிள்ளைங்க படைய மூடிட்டாங்களாம். சின்ன வயசுல கழுத்துல கட்டுன துணிய அம்மா இன்னும் வச்சிருக்காங்களாம்.

நீங்க அழறீங்களா நானா?... சரி, சரி, சளிதான்.

ம்?... இல்ல, பசங்க கரும்பையும் கிழங்கையும் அப்படியே புடிச்சுக்கட்டும், தொப்பிக்காரன் வர்றான்ல. ஆனா நீங்க கிளேபாங்லேர்ந்து வர்றப்ப இன்னும் ரெண்டு கரும்பு நல்ல தடியாப் பாத்து எடுத்துட்டு வாங்க... எனக்கில்ல. ஒகாதா துவானுக்கு. வந்து எறங்குனதும் அவரு ரெண்டு கையிலயும் குடுத்துருங்க. பாவம், பசங்களப் பாத்ததும் அவரு கைதானே முதல்ல நீளும்... ஆங், வச்சிடறேன்.