அடுத்த படகில் வருகிறார்

தண்ணீருக்குள் சிரிக்கக் கூடாது. நான் சொல்லித் தரும் முதல் பாடமே அதுதான் சார். சிரித்தால் கன்னம் மேலே ஏறும், முகத்தில் மாட்டிய கண்ணாடி இடைவெளி விடும், உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். இதைச் சொன்னதுமே எல்லாருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். பயம் பாதி போய்விடும். பதினொரு வருஷமாக இந்த விடுதியில் முக்குளிக்கக் கற்றுத் தருகிறேன். என்னிடம் வந்த யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊர் திரும்பியதில்லை.

இந்தக் குடும்பத்தில் ஐந்து பேர். மகள், மருமகன், மருமகனின் தங்கை, அவள் கணவன், அப்புறம் மகளின் அப்பா. அவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அறுபத்திரண்டு வயதிலும் நன்றாக நீந்துவார், அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் குறை. டீ ஆறிவிட்டது, துண்டு ஈரம், படகில் டீசல் நாற்றம், ஒன்பது மணி என்றால் ஒன்பதே காலுக்குத்தான் படகு கிளம்புகிறது. அவர் பேசப் பேச மற்ற நாலு பேரின் முகமும் வாடிக்கொண்டே போகும்.

மூன்றாம் நாள் காலை மகள் நீச்சல் உடுப்பின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "ஒரே ஒரு நாள் அப்பா இல்லாம இருந்தா எப்படி இருக்கும்ணா!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் கூடப்பிறந்த தங்கை கேட்டமாதிரி இருந்தது. விருந்தாளி வாய்விட்டுக் கேட்டதை நான் இல்லை என்று சொன்னதே கிடையாது.

அன்று பாறைத்திட்டுக்கு அந்தப் பக்கம் விடுதியின் இன்னொரு படகு சமையலுக்கு மீன் பிடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு. பாறை இடுக்கில் ஒரு கணவாய் மீன் நிறம் மாற்றிக்கொண்டிருந்தது. பெரியவர் அதன் அழகில் சொக்கி நின்றுவிட்டார். 'இங்கேயே இருங்கள், வருகிறேன்' என்று சைகை காட்டினேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து 'சரி' என்றார். மூன்று நாளில் அவர் சரி என்று ஒத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

மற்ற நால்வரையும் மேலே கூட்டி வந்தேன்.

"அப்பா எங்கண்ணா?"

"டீசல் நாத்தம் தாங்கலையாம். அடுத்த படகுல ஏறிட்டாரு."

"அதானே பார்த்தேன்" என்று மருமகன் தொடையைத் தட்டிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். படகோட்டியும் நம்பி என்ஜினைக் கிளப்பினார்.

அந்தப் பயணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் சார். மருமகன் பாட்டுப் பாடினார், அவர் தங்கை எல்லார்மேலும் தண்ணீரை வாரி இறைத்தாள். மகள் கூந்தலை அவிழ்த்துவிட்டு, படகின் முனையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கரை வந்ததும், "இன்னும் ஒரு சுத்து போலாமாண்ணா?" என்று கேட்டாள். போனோம்.

சாப்பாட்டு நேரத்தில் இரண்டாவது படகு வந்தது. அதிலிருந்து சமையல்காரர் மட்டும் மீன்கூடையோடு இறங்கினார். மகள் அந்தப் படகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அதிர்ச்சி, வேறொன்றுமில்லை. நாலு நாளில் மனசு தெளிந்ததும் நன்றி சொல்வாள்.

மறதியா என்று கேட்கிறீர்கள். இல்லை சார். மேலே வந்ததும் தலை எண்ணினேன். நான்கு. மதியத்துக்குமேல் அங்கே நீரோட்டம் வடக்கே, வெளிக்கடலுக்கு இழுக்கும் என்று எனக்குத் தெரியும். தேடப்போன படகுகளைத் தெற்கே அனுப்பியதும் நான்தான்.

அந்த நாலு பேரின் சந்தோஷத்துக்காகத்தான் செய்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாளே எல்லார் முன்னாலும் அவர் என்னைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு பொழப்பாய்யா?" என்று கேட்டாரே, அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.