கொண்டச்சிக்கு வெச்ச ரெண்டாவது குழாய்

இரு மாப்ள, ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிப் போயிடாது. வந்ததும் வராததுமா பேண்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு, இந்தக் கால்லயும் எடுத்துக்கோங்க மாமான்னு நிக்கிறியே. அக்கா மேல பாசம் இருக்க வேண்டியதுதான், அதுக்காக இப்படியா? அந்தக் கால்ல எடுத்த தழும்பே இன்னும் சரியா ஆறல.

தெரியும்டா. நீ குடுத்த ரத்தக் குழாய் அவ கால்ல அடைச்சுப் போச்சு, காலே போயிடுமோன்னு உனக்குப் பதைக்குது. எனக்குப் பதைக்காதா? கட்டிக்கிட்டவன் நான்.

வா, எங்க ஆராய்ச்சிக்கு வளக்கற ஆட்டுக் கொட்டில் பக்கம் போவோம். வாடை அடிக்கும், பழகிடும். இந்தா, இந்தக் கறுப்பி கழுத்துல கை வை. அட வைடா, கடிக்க மாட்டா. துடிக்குதா? இவ கால்ல இருந்தே எடுத்து இவ கழுத்துல நான் தெச்ச குழாய் அது. அதுக்கப்புறம் குட்டியே போட்டுட்டா. தன்னோடதுன்னா உடம்பு பேசாம சேத்துக்கும்.

அந்தக் காலி இடமா? அது கொண்டச்சியோடது. நெத்தியில கொத்தா முடி, அதான் அந்தப் பேரு. அவளுக்கு வேற ஒரு ஆட்டோட குழாயை வெச்சேன். மொதல்ல ஒண்ணுமில்ல. நல்லாத் தின்னா, போறவன் வர்றவனை எல்லாம் முட்டினா. விருந்தாளியைப் பொறுத்துக்கற மாதிரி கொஞ்ச நாள் பொறுத்துக்கிட்டு, அப்புறம்தான் உடம்பு மெதுவா வேலையக் காட்டும். குழாய் தடிச்சு, உள்ள அடைச்சு... ஆமா, அக்காவுக்கு ஆன மாதிரியேதான்.

கேளு. நான் விட்டேனா? அதே ஆட்டுல இன்னொரு துண்டு எடுத்து மறுபடி வெச்சேன். உடம்பு மறக்காது மாப்ள. மொத தடவை, வந்தது யாருன்னு கண்டுபிடிக்கவே அதுக்கு நாளாச்சு. ரெண்டாவது தடவை தடியோட வாசல்லயே நின்னுச்சு. தையல் போட்ட இடம் கறுத்து, பிரிஞ்சு, காலைல வந்து பாத்தா கொட்டில் பூரா ரத்தம். இன்னும் ரெண்டு மூணு ஆட்டுல செஞ்சு பாத்தோம். ஒண்ணு கூடத் தப்பல.

மருந்தா? உடம்பை அடக்கி வைக்கிற மருந்துதானே, குடுத்தாங்க. உங்க அக்காவுக்கு ஒத்துக்கல. ஜுரம் தூக்கிப் போட்டுச்சு, நிறுத்திட்டாங்க.

அதனாலதான் உன் மறு காலு வேணாங்கறேன்.

என்னடா அப்படிப் பாக்குற? சரி, சுத்தி வளைக்கல. அன்னிக்கு உன் கால்ல நீளமா எடுத்தாங்க. பாதியைத்தான் அவளுக்கு வெச்சாங்க, மீதி உறைய வெச்சுக் கெடந்துச்சு. முந்தாநாள் அவ காலு நீலம் பாரிச்சதும், காலை எடுத்துடறதா, இல்ல இதை வெச்சுப் பாக்கறதான்னு டாக்டர் என்னைத்தான் கேட்டார். ஆடு வேற, மனுஷங்க வேறன்னார். நானும் தலையை ஆட்டிட்டேன். எனக்குத் தெரியாதா? கொண்டச்சியைக் குழி தோண்டிப் பொதைச்சவனே நான்தான். வெட்டிடுங்கன்னு சொல்ல வாய் வரலடா.

மயக்கம் தெளிஞ்சதும் அவ என்ன கேட்டா தெரியுமா? தம்பியோடதுதானே, அப்ப நிக்கும்னா. சிரிக்க வேற செஞ்சா.

போ, போய்ப் பேசிட்டு இரு. இதெல்லாம் அவகிட்ட மூச்சு விடாதே. கால் மேல போர்வை போட்டிருக்கும், அதை விலக்காதே. காலைல நான் விலக்கி, தையல் போட்ட இடத்தைப் பாத்துட்டுத்தான் இங்க வந்தேன்.