பளிச்சுன்னு ஒரு நெஞ்சு

உக்காருங்க தம்பி, எங்க வீட்டுக்காரரு வர நேரமாகும். உள்ள பவுடர் பூசிட்டு இருக்காரு. போட்டோ எடுக்கணும்னு சொல்லிட்டீங்கல்ல, இனி அந்தக் கண்ணாடிக்கு விடுதலை கிடையாது. கல்யாணத்தன்னிக்குக்கூட மனுஷன் இவ்வளவு மினுக்கல.

என்னது, பெரிய போர்டா? கம்பெனி வாசல்லயா? எக்ஸ்ரே படத்தைக் கையில புடிச்சுக்கிட்டு சிரிக்கணுமா? நல்லா இருக்கு போங்க. தூசி உறிஞ்சுற மிஷின் விக்கிறவங்க, உங்களுக்கு அது வேணும்தான். கல்லை மாவா அரைக்கிற எடத்துல இத்தனை வருஷம் கெடந்த ஆளு, நெஞ்சு பளிச்சுன்னு இருக்கு பாருன்னு ஊருக்குக் காட்டணும். காட்டுங்க. அதுல பொய்யில்ல, டாக்டரே சொன்னாரு.

ஐயோ, உங்க மிஷினை நான் எங்க குறை சொன்னேன்? அவரு சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். வீட்டை விட உசரமா நிக்குமாம், உள்ள நீட்டு நீட்டுப் பையா தொங்குமாம், காத்தை இழுத்தா தூசி பூரா பையில ஒட்டிக்கிட்டு நல்ல காத்து மட்டும் வெளிய போகுமாம். பெத்த புள்ளையப் பத்தி இவ்வளவு பேசியிருப்பாரா? அது போக முகமூடி, தொப்பி, வேலை முடிஞ்சா அங்கயே குளியல், வேற துணி. வீட்டுக்கு வரும்போது கலெக்டர் கணக்கா வருவாரு. வந்ததும் ஜன்னல் கட்டைய ஒரு விரலால தேய்ச்சு என் மூஞ்சிக்கு நேரா நீட்டுவாரு. கம்பெனியில ஒரு பொட்டு தூசி கிடையாது, வீட்டைப் பாரு, நீயெல்லாம் ஒரு பொம்பளையான்னு.

இருங்க... ஒண்ணுமில்ல, இருமல்தான். கொஞ்சம் பேசுனாலே மூச்சு வாங்குது. அதுக்கும் துரை காரணம் கண்டுபுடிச்சு வெச்சிருக்காரு. உக்காந்து தின்னு உடம்பு பெருத்துப் போச்சாம். என்னைப் பாத்தா பெருத்த மாதிரியா தெரியுது? மோதிரம் விரல்ல நிக்கல, நூல் சுத்திப் போட்டிருக்கேன்.

மெத்தை நல்லா இருக்கா? நான் தெச்சதுதான். என்ன துணின்னு சொல்லுங்க பாப்போம். உங்க மிஷின் பைதான்! அட எந்திரிக்காதீங்க, நல்லாத் துவைச்சதுதான். கால்மிதி, தலகாணி உறை, எல்லாமே அந்தப் பைதான் இங்க. கிழிஞ்சது எங்ககிட்ட தங்கிடும். கிழியாதது துவைச்சுக் காஞ்சு கம்பெனிக்கே திரும்பப் போயிடும்.

உங்களுக்குத் தெரியாதா? அது சரி. பழசானா புதுப் பை மாத்தணும்னு உங்க ஆளுங்க சொல்லிட்டுத்தான் போனாங்களாம். முதலாளி வாங்குவாரா? தும்முறதுக்கு முன்னாடி கைக்குட்டை அழுக்காகுமேன்னு யோசிக்கிற ஆளு அவரு. யாராவது துவைச்சுத் தர்றீங்களான்னு கேட்டிருக்காரு. நம்ம துரை முந்திரிக்கொட்டை மாதிரி கையத் தூக்கிட்டாரு. என் பொண்டாட்டி வீட்டுல சும்மாதான் இருக்கான்னு. சும்மா இருக்கேனாம்!

அங்க அந்தப் பையைத் தொடணும்னா கையுறை, முகமூடி, ஆயிரம் சட்டம். இங்க பின்பக்கத்துல நானும் ஒரு தடியும். எடுத்த எடுப்புல நனைக்கவும் கூடாது தம்பி, நனைச்சா அந்தக் கல்மாவு சிமெண்டு கணக்கா அப்பிக்கும். கயித்துல போட்டு, காய்ஞ்சபடியே அடிக்கணும். அடிச்சா எதிர்ச்சுவரு தெரியாது. மூக்கு, வாய், பல்லுக்குள்ள எல்லாம் நறநறன்னு. அப்ப அவரு என்ன பண்ணுவாரு தெரியுமா? ஜன்னலைச் சாத்திக்குவாரு. சாத்திக்கிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கமா நின்னு, அந்த மூலையில இன்னும் நாலு போடுன்னு சைகை காட்டுவாரு. வடிகட்டுன காத்துல வாழுற மகராசன்ல!

இந்த வாரம் என்னால தடியைத் தூக்க முடியல. ரெண்டு அடிக்கு மேல உக்காந்துடறேன். நேத்து சாப்பாட்டுல கைய வெச்சுக்கிட்டே தீர்ப்பு சொல்லிட்டாரு. நாளையிலேர்ந்து மருமக அடிப்பாளாம். அவ மாசமா இருக்கா தம்பி. எம்மகன் ஒருத்தன் இருக்கானே, அப்பன் முன்னாடி வாய தைச்சுக்குவான். தட்டைப் பாத்துக்கிட்டே தின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அந்தப் பொண்ணும் சரிங்க மாமான்னுட்டா. அடுத்த பை மூட்டை வந்தாச்சு, அதோ பின்கதவுகிட்ட.

ஏங்க, ஆச்சா? இதோ வர்றாராம். தலை சீவணுமாம். இருக்கறது நாலு முடி.

அந்த மேசை மேல கவரு இருக்கு, எடுங்க. எக்ஸ்ரே அதுலதான். ரெண்டு இருக்கும், மாத்திப் புடிச்சிடப் போறீங்க. வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. கறுப்பா, சுத்தமா இருக்கே, அது அவரோடது. இன்னொண்ணு... ஆமா, மேல ரெண்டு பக்கமும் மணலை வாரி எறைச்ச மாதிரி பொடிப்பொடியா வெள்ளையா. அது என்னோடது.

அவருக்குத் தெரியாது. எக்ஸ்ரே எடுத்த அன்னிக்கு அவரு வெளிய நின்னு, என் நெஞ்சு சுத்தம்னு முதலாளிக்குப் போன் போட்டுட்டு இருந்தாரு. எனக்கும் ஒண்ணு எடுத்துடுங்கன்னு சொல்லி எடுத்துக்கிட்டேன். டாக்டரு பாத்துட்டு, எந்தக் கல்குவாரியில வேலை பாக்கறீங்கம்மான்னு கேட்டாரு. சும்மாதான் இருக்கேன்னு சொன்னேன். இது இனிமே போகாதாம். அதிகமாகாம பாத்துக்கலாமாம், அவ்வளவுதான். கவரு அன்னிலேர்ந்து அதே மேசையிலதான் கெடக்கு. அவரு பிரிச்சுக்கூடப் பாக்கல.

என்னுதையும் போர்டுல போடுவீங்களா? முழிக்காதீங்க, சும்மா கேட்டேன். உங்க போர்டு, உங்க இஷ்டம். எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. போறப்ப அந்த மூட்டைய உங்க வண்டியில ஏத்திட்டுப் போயி, முதலாளி மேசை மேலயே வெச்சிடுங்க. எங்க வீட்டுக்காரரு குதிப்பாரு, குதிக்கட்டும், நான் பாத்துக்கறேன்.

தூக்கறப்ப மூக்கைப் பொத்திக்குங்க. மருமக பின்னாலதான் துணி காயப்போடறா. மொதல்ல அவளைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க.