கதவு இல்லாத அலமாரி

கோலசிலாங்கூரிலிருந்து ரவாங் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் மீன் கூடை. பஸ் முழுக்க அதன் வாடை. திடீரென்று அவள் சொன்னாள்:

"கவர்மெண்டு காசு குடுக்கல. அதான் எங்க வீட்டு அலமாரிக்குக் கதவு இல்ல."

இளையவள் திரும்பினாள். "அலமாரிக்குக் கவர்மெண்டு எதுக்குக்கா காசு குடுக்கணும்?"

"டிவியில சனிக்கிழமை மரவேலை காட்டுவாங்களே, ஒரு மலாய்க்காரப் பெரியவரு ஆணியே இல்லாம செய்வாரு? அதப் பாத்துத்தான் எங்க வீட்டுக்காரரு வாராவாரம் கொஞ்சங் கொஞ்சமா செஞ்சாரு. அடுத்த வாரம் கதவுன்னாங்க. அதோட வரல."

"ஒரேயடியா நிறுத்திட்டாங்களா?"

"டிவிக்குக் கவர்மெண்டு காசு குடுக்குறத நிறுத்திருச்சாம். தோட்டத்து ஆபீஸ் கிராணி பேப்பர்ல படிச்சுட்டுச் சொன்னாரு. இதையெல்லாம் யாரு பாக்குறாங்கன்னு கேக்குறாங்களாம்."

"எங்க லயத்துல எல்லா வீட்டுலயும் பாத்தாங்களே!"

"நம்மள யாரு கேட்டா? நான் ஒரு சாரோங் துணியத் தொங்கவிட்டு மறைச்சிருக்கேன்."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"ஆணி அடிச்சு மாட்டிரலாம்லா."

"எங்க வீட்டுக்காரரு ஆணியே படக்கூடாதுங்கிறாரு. நோன்பு மாசம்னு நிறுத்தியிருக்காங்க, பெருநாள் கழிஞ்சா வரும்னாரு. இப்ப தீவாளியே வரப்போவுது."

"நின்னுபோச்சுன்னு நீங்க சொல்லலையா?"

மூத்தவள் கூடையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"எப்படிச் சொல்றது? சனிக்கிழமையானா, இழைச்சு வச்ச கதவுப் பலகையத் தூக்கிட்டு வந்து டிவிக்கு முன்னால உக்காந்துடுறாரு."